கையில் தந்த கார்டு

கோயம்புத்தூர்,
3 ஜூலை 2024

ஷாலு அப்பாவுக்கு,

ஸ்தோத்திரம். நானும் மகளும் சுகம். நீங்களும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம்பத்தான் முடியும், ஏனென்றால் நேற்று போனில் நீங்கள் பேசியது மொத்தம் பதினொரு "ம்". ஷாலு எண்ணிச் சொன்னாள். சாப்பிட்டீர்களா என்றதற்கு ஒரு ம். மழை உண்டா என்றதற்கு ஒரு ம். வேலை ஏதாவது வந்ததா என்றதற்கு மட்டும் கொஞ்சம் நீளமான ம்.

அதனால் இனிமேல் கடிதம்தான். கல்யாணத்துக்கு முன்னால் எனக்கு நாலு பக்கம் எழுதிய ஆள் நீங்கள்தானே? பேனா கிடைத்தால் உங்களுக்குப் பேச்சு வரும் என்று எனக்குத் தெரியும்.

நேரே விஷயத்துக்கு வருகிறேன். ஷாலுவின் காலேஜுக்காக நான் இங்கே வந்து ஒரு மாதம் ஆகிறது. நம்முடைய தண்ணீர் டாங்கு கழுவும் தொழிலில் பம்பும் குழாயும் உங்கள் கையில், ஆட்களிடம் பேசுவது என் பொறுப்பு என்று பதினான்கு வருடம் ஓடியது. நான் இந்தப் பக்கம் வந்ததும் அங்கே வேலை படுத்துவிட்டது. நீங்களும் கூட வேலைக்கு வரும் ரெத்தினதாஸ் அண்ணனும் நம் ஷெட்டில் எதிரெதிரே உட்கார்ந்து மழையைப் பார்த்துக்கொண்டு இருக்கிறீர்களாம். அவர் மனைவி போன் செய்து சொன்னாள்.

இங்கே அக்காவின் மாப்பிள்ளை, பம்பு கம்பெனியில் உங்களுக்கு ஸ்டோர் கீப்பர் வேலை பார்த்து வைத்திருக்கிறார். வீட்டுக்கார அம்மா, அடுத்த வருடமும் வாடகைக்கு இருப்பீர்களா என்று கேட்கிறார். கிறிஸ்மஸுக்குள் பதில் சொல்ல வேண்டும். என் கணக்கு இதுதான்: வருடம் முழுக்க நம்மிடமே டாங்கு கழுவுகிறோம் என்று எழுதித் தரும் இருபது வீட்டைக் கிறிஸ்மஸுக்குள் சேர்த்துவிடுங்கள். ஜனவரியில் ஷாலுவுக்கு ஹாஸ்டலில் இடம் கிடைக்கும், நான் வீட்டுக்கு வந்துவிடுகிறேன். இல்லையென்றால் ஷெட்டைப் பூட்டி, சாவியை ரெத்தினதாஸ் அண்ணனிடம் தந்துவிட்டு நீங்கள் இங்கே வாருங்கள்.

நெய்யாற்றின்கரையில் மாதம் இரண்டாவது சனிக்கிழமை காலையில் ஒரு ஓட்டலில் சிறு தொழில் செய்கிறவர்களின் கூட்டம் உண்டு. ஒற்றசேகரமங்கலத்தில் மாவு மில் வைத்திருக்கும் பிரேமகுமாரி சேச்சி நடத்துவது. உங்கள் பெயரை நானே கொடுத்துவிட்டேன். எழுந்து நின்று நாற்பத்தைந்து வினாடி உங்கள் தொழிலைப் பற்றிச் சொன்னால் போதும். சீக்கிரமே போங்கள். வாசல் பக்கம் நில்லுங்கள், மூலையில் ஒதுங்காதீர்கள். முதலில் அவர்கள் தொழிலைக் கேளுங்கள், அப்புறம் நம்முடையதைச் சொல்லுங்கள். விசிட்டிங் கார்டு நூறு அச்சடித்துக்கொள்ளுங்கள். ரெத்தினதாஸ் அண்ணனைத் துணைக்குக் கூட்டிப்போகக் கூடாது.

இப்படிக்கு,
உங்கள் ஷீனா

கொல்லயில்,
14 ஜூலை 2024

அன்பு ஷீனாவுக்கு,

சுகம். மழை உண்டு. சாப்பிட்டேன். வேலை ஒன்றே ஒன்று வந்தது. மூன்று ம்-க்கும் பதில் ஆகிவிட்டது.

கூட்டத்துக்குப் போனேன். நீ சொன்னபடி வாசலிலேயே நின்றேன். வந்தவர்களில் பாதிப் பேர் என்னை ஓட்டல் ஆள் என்று நினைத்து, கை கழுவ எங்கே போகணும் என்று கேட்டார்கள். எல்லோருக்கும் வழி காட்டினேன். அந்த வகையில் முப்பது பேரிடம் பேசிவிட்டேன் என்று வைத்துக்கொள்.

மேசையில் புட்டும் கடலையும் வந்த பிறகுதான் பேச்சு ஆரம்பம். எனக்கு முன்னால் பேசிய இன்சூரன்ஸ் ஜெயன் எவ்வளவு அழகாகப் பேசினார் தெரியுமா! அடுத்து என் முறை. எழுந்தேன். போன வாரம் பார்த்ததையே சொன்னேன். "ஒரு வீட்டுல டாங்க தொறந்தேன். ரெண்டு வருசமா யாரும் தொறக்கல்ல. உள்ள ஒரு தவளை, குடும்பத்தோட. ஒரு பல்லி, தனியா. அடியில ஒரு சாண் சேறு. அந்தத் தண்ணியிலதான் அவங்க காப்பி போட்டாங்க." நாற்பத்தைந்து வினாடியில் இருபதுதான் ஆகியிருந்தது. எல்லோரும் கையிலிருந்த தம்ளரைக் கீழே வைத்துவிட்டார்கள். நான் உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்கு அந்த ஓட்டலில் சாயா மிச்சம்.

அடித்த கார்டு நூறில் தொண்ணூற்று ஒன்பது மிச்சம். ஒன்று பரிமாறின பையன் கேட்டு வாங்கிக்கொண்டான். ஆனால் கடைசியில் பிரேமகுமாரி சேச்சி என் கையைப் பிடித்து ஒவ்வொரு மேசையாகக் கூட்டிப்போனார். இருபத்து மூன்று பேர் அவரவர் கார்டை என் கையில் தந்தார்கள். சேச்சி முறைத்துக்கொண்டு நின்றதால் தந்திருக்கலாம். கார்டுகளை என்ன செய்ய? நீ சொல்.

உன்,
ராபின்சன்

கோயம்புத்தூர்,
20 ஜூலை 2024

ஷாலு அப்பாவுக்கு,

கடிதத்தை ஷாலு சத்தமாக வாசித்தாள். பல்லி தனியா என்ற இடத்தில் அவளுக்குச் சிரித்துச் சிரித்து விக்கல் வந்துவிட்டது. சாப்பிடும் இடத்தில் தவளையா பேசுவது மனுஷா? அடுத்த தடவை சுத்தமான தண்ணீரைப் பற்றிச் சொல்லுங்கள், பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு வராது என்று சொல்லுங்கள்.

கார்டை மேசை இழுப்பறையில் போட்டுவிடாதீர்கள். அதுதான் எல்லோரும் செய்கிற தப்பு. கூட்டத்துக்குப் போவது பாதி வேலை, கார்டு தந்தவரை விடாமல் பிடிப்பதுதான் மீதி. யார் யாரிடம் என்ன பேசினீர்கள் என்று கார்டின் பின்னால் எழுதி வையுங்கள். ஒருவரையும் விட்டுவிடக் கூடாது.

சட்டையை அயர்ன் பண்ணிப் போடுங்கள். அந்தப் பச்சைச் சட்டை வேண்டாம்.

உங்கள் ஷீனா

கொல்லயில்,
19 ஆகஸ்ட் 2024

அன்பு ஷீனாவுக்கு,

நீ சொன்னபடியே செய்கிறேன். இருபத்து மூன்று பேரில் ஒன்பது பேர் வீட்டுக்குப் போய்விட்டேன். ஒருவரையும் விடுவதாக இல்லை.

இதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. ஒரு ஆள் கார்டைக் கையில் தந்தால் போகாமல் இருக்க முடியுமா? நம் ஊரில் கல்யாணம் விளிக்க வந்து, அழைப்பு என்று கையில் கார்டு தந்த வீட்டுக்குப் போகாமல் விட்டு, நாளைக்கு அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது? கார்டில் வீட்டு விலாசம் இல்லாதவர்களுக்கு சேச்சியிடம் கேட்டு வாங்கினேன். வெறுங்கையோடு போகாமல் ஒரு சீப்பு செந்துளுவன் வாழைப்பழம். ஞாயிறு சபை முடிந்து, பச்சைச் சட்டை இல்லாமல், ஸ்கூட்டரில் போகிறேன்.

முதலில் பனச்சமூட்டில் ஜெயன் வீடு. கைலியோடு நின்றவர் என்னைப் பார்த்துப் பதறிப்போய்ச் சட்டை மாட்ட ஓடினார். அவர் மனைவி, "பாலிசி விசயமா வந்ததா? அவரு இல்ல" என்றாள். ஜெயன் உள்ளேயிருந்து, "இருக்கேன், இருக்கேன்" என்றார். நான் பழத்தைத் தந்துவிட்டு உட்கார்ந்தேன். நான் பேசாததால் அவர்கள் பேச ஆரம்பித்தார்கள். அவருடைய அம்மா வழுக்கி விழுந்த பிறகு வாசல்படி இறங்க முடியாமல் மூன்று மாதமாக உள்ளேயே இருக்கிறார்களாம். படிக்குப் பிடிமானம் வைக்க ஆள் கிடைக்கவில்லையாம். ஒரு மணி நேரம் கேட்டுக்கொண்டிருந்தேன். டாங்கைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

பாறசாலையில் துணி தைத்துக் கொடுக்கும் ரேஷ்மி வீட்டில் மட்டும் கை கழுவும்போது தண்ணீரில் கெட்ட வாசனை வந்தது. கேட்காமலே மேலே ஏறிப் பார்த்தேன். மூடி உடைந்து கிடந்தது. ஓட்டின் மேல் கிடந்த தகரத்தை வைத்து மூடி, கல் வைத்துவிட்டு இறங்கினேன். "எந்தா சேட்டா, மோளில போயது?" என்று கேட்டாள். சும்மா என்றேன்.

வெல்டிங் பட்டறை சஜன் வீட்டில் கப்பைக் கிழங்கும் மீனும். சாப்பிடாமல் விடவில்லை. மீதிப் பதினான்கு வீடு ஓணத்துக்கு முன்னால் முடித்துவிடுவேன்.

உன்,
ராபின்சன்

கோயம்புத்தூர்,
26 ஆகஸ்ட் 2024

ஷாலு அப்பாவுக்கு,

தலையில் அடித்துக்கொண்டேன். விசிட்டிங் கார்டும் கல்யாணக் கார்டும் ஒன்றா? அது போன் நம்பர் தருவதற்காக்கும்! உலகத்தில் யாராவது விசிட்டிங் கார்டை வாங்கிக்கொண்டு பழத்தோடு வீட்டுக்குப் போவார்களா? கடன் கேட்க வந்திருக்கிறார் என்று நினைப்பார்கள், பெண் பார்க்க வந்திருக்கிறார் என்று நினைப்பார்கள். நான் இங்கே வேலைக்குப் போகும் அலுவலகத்தில் இதைச் சொன்னேன், மேனேஜர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

ஏன் சிரிக்கவில்லை என்று சொல்லிவிடுகிறேன். முன்பின் தெரியாத ஒன்பது வீட்டுக்குப் போய் உட்கார உங்களால் முடிந்திருக்கிறது. ஜூன் இரண்டாம் தேதி பாறசாலை பஸ் நிலையத்தில் நாலு பையையும் ஏற்றித் தந்தீர்கள். ஜன்னல் பக்கம் வந்து நின்றீர்கள். போகாதே என்று சொல்வீர்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை, பிள்ளை படிப்புக்குப் போகத்தானே வேண்டும். சீக்கிரம் வா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பஸ் கிளம்புகிற வரைக்கும் உங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் டயரைப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். ஷாலு தூங்கின பிறகு அழுதேன். இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன், எழுதிவிட்டேன்.

ஷீனா

கோயம்புத்தூர்,
30 செப்டம்பர் 2024

ஷாலு அப்பாவுக்கு,

ஐந்து வாரமாகக் கடிதம் இல்லை. ஓணமும் போய்விட்டது. போனில் பழைய ம்-தான். நான் எழுதியது அதிகம் என்றால் அதிகம் என்று எழுதுங்கள், கோபம் என்றால் திட்டி எழுதுங்கள். அக்காவின் மாப்பிள்ளை ஸ்டோர் வேலைக்கு உங்கள் பதிலைக் கேட்கிறார். என்ன சொல்ல?

ஷீனா

கொல்லயில்,
13 அக்டோபர் 2024

அன்பு ஷீனாவுக்கு,

கோபம் இல்லை. நீ கேட்டதற்குப் பதில் எழுத உட்கார்ந்தபடியேதான் இருந்தேன். எட்டுத் தடவை எழுதிக் கிழித்தேன். அதைக் கடைசியில் சொல்கிறேன், முதலில் கூட்டத்தைச் சொல்கிறேன். எனக்கு அதுதான் எளிது.

ஓணத்தால் போன மாதம் கூட்டம் இல்லை. நேற்றுத்தான் கூட்டம். அதற்குள் இருபத்து மூன்று வீடும் முடித்திருந்தேன். போன மாதம் சஜனிடம், ஜெயனுடைய அம்மாவின் படி விஷயத்தைச் சொன்னேன். அவன் போய்ப் பிடிகம்பி வைத்துவிட்டான். ஜெயனுடைய மனைவி எம்ப்ராய்டரி போடுவாள் என்று அவர்கள் வீட்டுத் தலையணை உறையைப் பார்த்தே தெரிந்தது. ரேஷ்மியிடம் சொன்னேன். இப்போது ஜெயன் மனைவிக்கு வாரம் பத்து ரவிக்கை வேலை வருகிறதாம். நான் ஒன்றும் பெரிதாகச் செய்யவில்லை ஷீனா. எல்லார் வீட்டிலும் போய் உட்கார்ந்ததால் எல்லாருடைய தேவையும் எனக்குத் தெரிந்துபோனது, அவ்வளவுதான். கூட்டத்தில் நாற்பத்தைந்து வினாடியில் ஒருத்தரும் தன் தேவையைச் சொல்வதில்லையே. எல்லாரும் விற்கிறதையல்லவா சொல்கிறார்கள்.

நேற்று ஜெயன் எழுந்தார். இன்சூரன்ஸைப் பற்றி அரை நிமிடம் பேசிவிட்டு நிறுத்தினார். "பாக்கி சமயம் எனக்கு வேண்டாம். ராபின்சன் சேட்டனுக்க கையால எனக்க வீட்டு டாங்கு கழுவிச்சு. எனக்க அம்மா இப்ப முற்றத்துல எறங்கி நடக்குது. அதும் அவராலதான்" என்றார். அடுத்து ரேஷ்மி, அவளும் கடைசிப் பத்து வினாடியை எனக்குத் தந்தாள். சஜனும் தந்தான். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை, மேசைத் துணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் முறை வந்தபோது எழுந்து நின்று, "எல்லாரும் சொல்லியாச்சு" என்று மட்டும் சொன்னேன். கைதட்டினார்கள். பிரேமகுமாரி சேச்சி, "மக்கா, இந்தக் கூட்டத்துல இவ்வளவு கொறச்சு பேசி இவ்வளவு வாங்கினது நீதான்" என்று முதுகில் ஒரு தட்டு தட்டினார். மாவு மில்லில் மூட்டை தூக்குகிற கை. இன்றைக்கும் வலிக்கிறது.

பதினான்கு வீடு எழுதித் தந்தாயிற்று. ஸ்டோர் வேலைக்கு இப்போது வேண்டாம் என்று மாப்பிள்ளையிடம் மரியாதையாகச் சொல்லிவிடு.

இனி நீ கேட்டது. அந்த வார்த்தை என் வாயில் இருந்தது. நீ ஜன்னல் வழியாகப் பார்க்கப் பார்க்க அது உள்ளே போய்க்கொண்டே இருந்தது. சொன்னால் அழுதுவிடுவேன் என்று பயம், ஷாலு பார்ப்பாள். பஸ் அடுத்த ஊர் உதியன்குளங்கரையைத் தாண்டியிருக்கும், அப்போதுதான் "சீக்கிரம் வா" என்று வாயிலிருந்து வந்தது. பக்கத்தில் நின்ற லாட்டரிச் சீட்டுக்காரர், "எங்க வரணும்?" என்று கேட்டார். சத்தியமாகச் சொல்கிறேன், நடந்தது இதுதான். வீட்டில் உன் இடம் காலியாக இருக்கிறது. சோறு ஆக்கும்போது இன்னமும் மூன்று பேருக்கு அரிசி போடுகிறேன், மீதியை ரெத்தினதாஸ் அண்ணன் சாப்பிட்டு நான்கு கிலோ ஏறிவிட்டார்.

உன்,
ராபின்சன்

கோயம்புத்தூர்,
21 அக்டோபர் 2024

ஷாலு அப்பாவுக்கு,

லாட்டரிச் சீட்டுக்காரரைப் பற்றி வாசித்ததும் கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். சமையலறையில் போய் நின்றுவிட்டு வந்து மறுபடி வாசித்தேன். சிரித்தேனா அழுதேனா என்று ஷாலு கேட்கிறாள். வெங்காயம் என்று சொன்னேன்.

இருபதுக்கு இன்னும் ஆறு பாக்கி. நான் என் வார்த்தையிலிருந்து மாற மாட்டேன், தெரியுமல்லவா? மூன்று பேருக்கு அரிசி போடுவதை நிறுத்த வேண்டாம். ரெத்தினதாஸ் அண்ணனைக் கொஞ்சம் நடக்கச் சொல்லுங்கள்.

உங்கள் ஷீனா

கொல்லயில்,
16 நவம்பர் 2024

அன்பு ஷீனாவுக்கு,

பத்தொன்பது ஆகிவிட்டது! கடைசி ஐந்தும் நான் போய்க் கேட்டதில்லை, ஜெயன் பாலிசி போடுகிற வீடுகளில் அவரே சொல்லிச் சேர்த்தது. இப்போது இன்சூரன்ஸைவிட டாங்கைப் பற்றித்தான் அவர் அதிகம் பேசுகிறார் என்று அவர் மனைவிக்குக் கவலை.

இன்னொரு செய்தி. டிசம்பர் பதினான்காம் தேதி கூட்டத்தில் எனக்குப் பத்து நிமிடம் தந்திருக்கிறார்கள். நாற்பத்தைந்து வினாடி இல்லை, பத்து நிமிடம்! கூட்டங்களில் ஆளைப் பிடிப்பது எப்படி என்று நான் பேச வேண்டுமாம். கேட்டதிலிருந்து ரெத்தினதாஸ் அண்ணனை உட்கார வைத்துப் பேசிப் பார்க்கிறேன். ஆனால் நெய்யாற்றின்கரை முழுக்க அன்றைக்கு வரும், அப்போது பத்தொன்பது முப்பதாகும் என்கிறார் சேச்சி.

பழைய கார்டில் மீதி இருந்ததை ரெத்தினதாஸ் அண்ணன் ஷெட்டில் பல்லி விரட்ட வீசியே தீர்த்துவிட்டார். புதிதாக அச்சடித்தேன். இதோடு ஒன்று வைத்திருக்கிறேன், பார். உன் பெயர் முதலில், என் பெயர் அடுத்து. எழுத்துக்கு நீலமும் பின்னால் கொஞ்சம் தண்ணீர்ப் படமும் போட்டுத் தந்தார்கள். இது உனக்கு என் அழைப்பு என்றே வைத்துக்கொள்.

உன்,
ராபின்சன்

கோயம்புத்தூர்,
24 நவம்பர் 2024

ஷாலு அப்பாவுக்கு,

கார்டு வந்தது. அழகாக இருக்கிறது. என் பெயர் முதலில் இருப்பது இன்னும் அழகு. ஷாலு அதைக் கண்ணாடியில் செருகி வைத்திருக்கிறாள்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். கையில் தந்த கார்டுக்குப் போயே ஆக வேண்டும் என்று இருபத்து மூன்று வீடு ஏறி இறங்கினது நீங்கள்தானே? தபாலில் வந்த கார்டுக்கு நம் ஊரில் யார் போகிறார்கள்? உங்கள் சித்தப்பா மகன் கல்யாணத்துக்குத் தபாலில் கார்டு வந்தது என்று என் அப்பா போகவே இல்லை. வீட்டுக்கு வந்து முறையாக விளிக்கவில்லை என்று இரண்டு வருடம் பேச்சுக்கூட இல்லை. நான் அவருடைய மகளாக்கும்.

வீட்டுக்கார அம்மா இருபதாம் தேதிக்குள் பதில் கேட்கிறார். பத்தொன்பதும் இருபதும் எனக்குப் பெரிய வித்தியாசம் இல்லை என்று இப்போது சொல்லிவிடுகிறேன், முன்னால் சொன்னதெல்லாம் உங்களை ஷெட்டிலிருந்து எழுப்பச் சொன்னது. எனக்கு வேண்டியது வேறு. அது என்ன என்று உங்களுக்குத் தெரியும்.

உங்கள் ஷீனா

கொல்லயில்,
6 டிசம்பர் 2024

அன்பு ஷீனாவுக்கு,

நீ சொன்னது முறைதான். தபாலில் அனுப்பியது என் தப்பு. அந்தக் கார்டைக் கண்ணாடியிலிருந்து எடுத்துவிடச் சொல், அது செல்லாது.

டிசம்பர் பதின்மூன்று வெள்ளிக்கிழமை சாயங்காலம் திருவனந்தபுரத்தில் வண்டி ஏறுகிறேன். சனிக்கிழமை காலையில் உன் வாசலில் இருப்பேன். அன்றைக்குத்தானே பத்து நிமிடப் பேச்சு என்று சேச்சி சத்தம் போட்டார். "எலே, நெய்யாற்றின்கரையே வருது, நீ எங்க போற?" என்றார். "எனக்க வீட்டுக்காரிய விளிக்கப் போறேன்" என்றேன். சேச்சி கையிலிருந்த மாவைத் தட்டினார். பிறகு, "எனக்க மில்லுப் பேச்ச விட்டுட்டு உனக்க டாங்குப் பேச்ச நான் பேசணும், அதானே? போ. பழம் கொண்டுபோ" என்றார். பிரேமகுமாரி சேச்சி பேசினால் நான் பேசுவதைவிட நாலு வீடு கூடத்தான் வரும்.

இருபதாவது வீடும் கிடைத்துவிட்டது. நம்முடைய வீடுதான். ஊர் டாங்கெல்லாம் கழுவினோம், ஜூனிலிருந்து நம் டாங்கைத் திறக்கவே இல்லை என்று போன வாரம்தான் நினைவு வந்தது. நானும் ரெத்தினதாஸ் அண்ணனும் ஏறி ஒரு நாள் முழுக்கக் கழுவினோம். உள்ளே என்ன இருந்தது என்று நீ கேட்க வேண்டாம், ஆறு மாதம் காப்பி போட்டுக் குடித்தவன் நான்தான்.

கையில் கார்டோடும் ஒரு சீப்பு செந்துளுவனோடும் வருவேன். ஷாலுவும் பக்கத்தில் நிற்கட்டும், பரவாயில்லை. ஒரே ஒரு காரியம். கதவைத் திறந்ததும் நீ பேச ஆரம்பித்துவிடாதே. எனக்கு நாற்பத்தைந்து வினாடி தா.

உன்,
ராபின்சன்